மாதத்துக்கு ஒரு சிக்கனம்

கந்தோரில் தேத்தண்ணி ஊற்றுகிறவளின் காதில் எல்லாம் விழும், ஆனால் அவள் ஒன்றும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது; எங்கள் தொழிலில் முதல் படிக்கிற பாடம் அதுதான். அந்தப் பாடத்தை மீறித்தான் இதை எழுதுகிறேன். பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். முன்னுக்குச் சொல்ல வேண்டியதைப் பின்னுக்குச் சொல்லி, சும்மா நடந்ததைச் சொல்லப்போய் யாரையோ குற்றம் சொன்னதுபோல ஆகிவிட்டால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே கந்தோரின் பெயரை விட்டுவிடுகிறேன். மன்னார்த் தீவுக்குள் ஒரு அரசாங்கக் கந்தோர். காணி, படகு, நிவாரணம் என்று சனம் வந்து காத்திருந்து போகிற இடம். நான் தோட்டவெளியிலிருந்து சைக்கிளில் போய் வருகிறேன். அவ்வளவும் போதும்.

நாட்டில் காசு இல்லை என்று ஆன காலத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் வரிசையில் நின்றவர்கள்தானே நாங்கள் எல்லோரும். அந்த நேரம் மேலிடத்திலிருந்து எங்கள் கந்தோருக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. செலவைக் குறைக்க வேண்டும். குறைத்தால் மட்டும் காணாது, மாதா மாதம் எதைக் குறைத்தோம் என்று அறிக்கை அனுப்பவும் வேண்டும். போன மாதம் சொன்னதை இந்த மாதம் சொல்லக் கூடாது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும். கந்தோருக்குப் பொறுப்பான எங்கள் சேர் எல்லாரையும் கூப்பிட்டு இதை வாசித்தார். மோசமான மனிசன் இல்லை அவர். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "குறைக்க வேறயொண்டும் இல்லாத மாதம் அமைய ஊழியரைக் குறைக்கச் சொல்லியிருக்கினம்."

அமைய ஊழியர் என்றால் நிரந்தரம் இல்லாதவர்கள், எந்த நேரமும் நிறுத்தலாம். எங்கள் கந்தோரில் அப்படி இரண்டு பேர். கூட்டிக் கழுவுகிற தங்கம்மா ஒன்று, நான் மற்றது. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மண்ணெண்ணெய் கிடைத்தால்தான் படகு நகரும், அது கிடைக்காத காலம். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆகவே மாத முடிவு கிட்ட வந்தால், வெட்டுவதற்கு வேறு ஏதாவது கிடைக்க வேண்டும் என்று நானே கந்தோருக்குள் தேடித் திரிவேன். அப்படிக் கிடைத்தவற்றைச் செய்து முடிக்கிற கையும் பெரும்பாலும் என்னுடையதாகத்தான் இருந்தது.

லாச்சிக்குள் ஒரு கோப்பை

முதல் வெட்டு என் கேத்திலில் விழுந்தது. வருகிற ஆட்களுக்கு இனித் தேத்தண்ணி இல்லை. உத்தியோகத்தர்கள் தங்கள் காசில் குடிக்கலாம். எங்கள் பக்கத்தில் சண்டை பிடிக்க வந்தவருக்கும் ஒரு பிளேன்ரீ கொடுத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவோம். வந்தவர் வெறும் வாயோடு இருக்க, அவருக்கு முன்னால் இன்னொருவருக்கு மட்டும் கோப்பையை நீட்டுவது என் கைக்குப் பழக்கமில்லாத வேலை.

ஒரு நாள் முசலிப் பக்கத்திலிருந்து பள்ளிவாசல் நிர்வாகத்தார் சிலர் இறந்தவர்களை அடக்குகிற மையவாடிக் காணி விசயமாக வந்து சேரின் அறையில் இருந்தார்கள். வெளியில் மணலே கொதிக்கிற வெயில். பத்து மணி ஆகிவிட்டது. பத்துக்குத் தேத்தண்ணி போகாவிட்டால் சேருக்குத் தலை இடிக்கும். தலை இடித்தால் அன்று முழுக்க எங்களுக்கும் இடிக்கும். நான் யோசித்துப் பார்த்து, கோப்பையை ஒரு பைல் மட்டையால் மூடி, கையெழுத்துக்கு ஏதோ கொண்டு போகிறவள்போலக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். சேருக்கும் விளங்கிவிட்டது. மேசை லாச்சியை மெல்ல இழுத்து, கோப்பையை உள்ளே இறக்கி, பாதி மூடினார். ஆனால் லாச்சிக்குள்ளிருந்து ஆவி வருவதை என்ன செய்வது? காணியின் எல்லையைச் சொல்லிக்கொண்டிருந்த பெரியவர் பேச்சை நிறுத்தினார். மற்றவர்களின் கண்ணும் லாச்சிக்குப் போனது. நான் கதவடியில் தட்டைப் பிடித்தபடி, போகவும் ஏலாமல் நிற்கவும் ஏலாமல் நின்றேன். பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வலு மரியாதையாகச் சொன்னார்: "குடிங்க சேர், ஆறிப் போயிரும். நாங்க அந்தப் பக்கம் திரும்பி இருக்கம்."

காற்றுக்கு ஆள் காணாது

அடுத்த மாதம் மின்சாரம். மண்டபத்தில் சனம் காத்திருக்கிற இடத்து மின்விசிறியை, ஆட்கள் உட்காருகிற வாங்கு நிறைய ஆள் இருந்தால் மட்டும் போடலாம் என்று முடிவானது. வாங்கு நிறைந்ததா என்று பார்த்துச் சுவிட்சைப் போடுகிற பொறுப்பு எனக்கு. மன்னார் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, தெரியாதவர்களுக்குச் சொல்லி விளங்காது.

ஒரு காலமை பேசாலையிலிருந்து ஒரு பிள்ளை கைக்குழந்தையோடு வந்து இருந்தாள். அந்த நீட்டு வாங்கில் அவளும் குழந்தையும் மட்டும்தான். குழந்தை வியர்த்து நனைந்து கத்துகிறது. "அக்கா, ஃபேனைப் போட்டு விடுங்கோவன்" என்றாள். "ஆள் காணாது பிள்ளை" என்றேன். "என்னத்துக்கு ஆள் காணாது?" "காத்துக்கு." என் வாயால்தான் அதைச் சொன்னேன். சொன்ன உடனே எனக்கே காது சுட்டது. அவள் என்னைத் திட்டவில்லை. என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள், குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள்.

போனவள் திரும்பி வந்தபோது அவளுக்குப் பின்னால் ஓட்டோக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். பெற்றோல் இல்லாமல் தெருவுக்கு மற்றப் பக்கத்தில் வண்டிகளை விட்டுவிட்டுச் சும்மா இருந்த பொடியன்கள். வாங்கை நிறைத்து, முழங்காலில் கையை வைத்து, படம் பிடிக்க இருப்பவர்கள்போல நிமிர்ந்து இருந்தார்கள். கணக்குப் பார்க்கிற சசி மிஸ் எட்டிப் பார்த்துவிட்டு மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தா. நான் சுவிட்சைப் போட்டேன். குழந்தை உறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஓட்டோக்காரர்களும் உறங்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளை அலுவல் முடிந்து போன பிறகும் அவர்கள் எழும்பவில்லை. மத்தியானம் கடைசியாகப் போனவன் கொட்டாவி விட்டுக்கொண்டு என்னிடம் சொன்னான்: "அக்கா, பெற்றோல் வாற வரைக்கும் எங்களுக்கும் ஓட்டம் இல்லை. ஆள் காணாட்டி ஒரு சத்தம் குடுங்கோ, வந்து இருக்கிறம்."

மற்றப் பக்கம்

கடைகளில் பேப்பர் கட்டைக் கண்ணால் காணக் கிடைக்காத காலம் ஒன்று வந்ததே, அப்போது எங்கள் கந்தோர் பேப்பரைக் குறைத்தது. ஒரு பக்கம் அடித்த பழைய கடிதங்களின் மற்றப் பக்கத்தில் புதுக் கடிதங்களை அடிப்பது என்று ஏற்பாடு. அலுமாரிகளில் கிடந்த பழைய தாள்களைப் பிரித்து, கம்பியைக் கழற்றி, நிமிர்த்தி அடுக்கிச் சசி மிஸ்ஸிடம் கொடுப்பது நான். தமிழில் இருந்தால் வாசித்துப் பார்த்து, முக்கியமானதோ என்று மிஸ்ஸைக் கேட்பேன். இங்கிலீஷில் இருந்தால் எனக்கு எல்லாத் தாளும் ஒன்றுதான்.

எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். படகுப் பதிவு சம்பந்தமாக அவருக்கு நாங்கள் அனுப்பின கடிதம் கையில் நாலாக மடிந்து இருந்தது. கவுண்டருக்குப் போகாமல் என்னைத் தூணடிக்குக் கூப்பிட்டார். "தங்கச்சி, எனக்கு வந்த சங்கதி இந்தப் பக்கம் இருக்கு. அது விளங்கிற்று. மற்றப் பக்கத்த எங்கட மகள் வாசிச்சா, அவ இங்கிலீஷ் படிச்சுக் குடுக்கிறவ. இது சேர்ர சொந்த விசயம்போல." நான் வாங்கிப் பார்த்தேன். கீழே சேரின் கையெழுத்து இருந்தது, அது எனக்குத் தெரியும். மூலவருத்தத்துக்கு வைத்தியம் செய்ய லீவு கேட்டு, எங்கே, எப்படி, எத்தனை காலமாக என்று எல்லாம் விளக்கி, முன்பு ஒருமுறை சேர் மேலிடத்துக்கு எழுதின கடிதத்தின் பிரதியாம்.

அதை மடித்துச் சட்டைக்குள் வைப்பதா, கிழிப்பதா, சேரிடம் கொடுப்பதா என்று தெரியவில்லை. கொடுத்தால் யார் எடுத்துக் கொடுத்த தாள் என்று கேட்பார். கிழித்தால் பெரியவரின் படகும் சேர்ந்து கிழியும். நான் முழிக்கிறதைப் பார்த்துப் பெரியவர் குரலை இன்னும் தணித்தார்: "ஒருத்தருக்கும் சொல்லல்ல தங்கச்சி, பயப்படாதீங்க. அத்திப்பழம் சாப்பிடச் சொல்லுங்க சேர, அல்லாஹ் சுகத்தக் குடுப்பான்."

நின்ற மணிக்கூடு

அதற்குப் பிறகு குறைக்க ஒன்றும் அகப்படவில்லை. சேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கந்தோர் முழுக்க நடந்தார். மண்டபத்தில் ஒரு மணிக்கூடு, உள்ளே ஒரு மணிக்கூடு. "ரெண்டு என்னத்துக்கு?" என்றார். நான் கதிரையில் ஏறி மண்டபத்து மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்றினேன். அறிக்கையில் அது வாசிக்க நன்றாகத்தான் இருந்தது; மேலிடத்திலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. கழற்றினது பற்றரியை மட்டும்தான். மணிக்கூடு சுவரில் அப்படியே இருந்தது, அதை இறக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்தில் வயல் செய்கிற கமக்காரர் ஒருவர் காணிப் பத்திரத்துக்காக அன்று வந்து இருந்தார். எரிபொருள் இல்லாததால் அவர் ஊருக்குப் பின்னேரத்தில் ஒரே ஒரு பஸ்தான். மனிசன் இடைக்கிடை நிமிர்ந்து மணிக்கூட்டைப் பார்ப்பார், நேரம் கிடக்கு என்று ஆறுதலாகச் சாய்வார். நான் அவர் சுவரைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு தட்டோடு போய் வந்தேன். கடைசியில் நான் யன்னல்களைச் சாத்தத் தொடங்கத்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. பஸ் நிலையத்துக்கு ஓடினார். ஓடிப் போய்த் திரும்பி வந்தார், வாங்கில் விட்ட பையை எடுக்க. பஸ் போய்க் கனநேரம். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கோபம் இல்லாமல், பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிறவர்போலச் சொன்னார்: "ஓடாததைக் கழட்டி வைச்சிருந்தால் நான் ஆரிட்டயாவது நேரம் கேட்டிருப்பன், தங்கச்சி."

ஒன்றும் கிடைக்காத மாதம்

தங்கம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைப் பிழையாகச் சொல்லக் கூடாது என்றுதான் தொடக்கத்திலிருந்து பயந்துகொண்டு வருகிறேன். அவளுடைய ஆட்கள் மலைநாட்டிலிருந்து வந்து தீவுப் பாலத்துக்கு அப்பால் குடியேறினவர்கள். வயல் வேலையும் கூலி வேலையும் செய்து வந்தவள், கந்தோரில் கூட்டிக் கழுவ வந்தாள். மத்தியானத்தில் நாங்கள் இரண்டு பேரும் தேத்தண்ணி ஊற்றுகிற பின்பக்கத்துக் குசினியில் ஒன்றாக இருந்துதான் சாப்பிடுவோம். அவள் ரொட்டியும் சம்பலும் கொண்டு வருவாள். என் வீட்டில் மீன் இருந்த நாளில் நான் பொரியல் கொண்டு போவேன். மேலிடத்துப் பேச்சு வந்தால் அவள் சிரிப்பாள். "நம்மள கொறச்சா என்னக்கா கொறயும்? நம்ம ரெண்டு பேரும் தின்னுறது இந்த ரொட்டியத்தானே" என்பாள்.

குறைக்க ஒன்றும் கிடைக்காத அந்த மாதம் வந்தது. சேர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். "எழுதிக் கேட்டுப் பாத்தன். ஒராள் குறையத்தான் வேணும் எண்டிட்டினம்" என்றார். கொஞ்ச நேரம் பேனையை உருட்டினார். பிறகு, கழுவுகிற வேலையை எல்லாரும் முறை வைத்துச் செய்யலாம், தேத்தண்ணியை அப்படிச் செய்ய ஏலாது என்றார். அவ்வளவுதான் நியாயம். பத்து மணித் தேத்தண்ணி என்னைக் காப்பாற்றியது. அவளும் வேலை பார்க்கிறவள், அவளுக்கும் பிள்ளைகள் இருக்கு என்று நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. பெருமூச்சு ஒன்று விட்டேன். பக்கத்தில் நின்றவளுக்கு அது கேட்டிருக்கும். அந்த அறையில் மின்விசிறிகூடப் போடாத நேரம், கேட்காமல் இருக்க வழியில்லை.

அவள் விளக்குமாற்றை மூலையில் சாத்தினாள், வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள், சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். நான் குசினி வாசலில் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன். அவள் என் தோளைத் தொட்டுவிட்டுச் சொன்னாள்: "விடுங்கக்கா, ஒங்க வீட்டுலயும் அடுப்பெரியணும்ல. அந்தக் கடைசிக் கக்கூஸுல தண்ணி மெதுவாத்தான் எறங்கும், அவசரப்பட்டு ஊத்திராதீங்க."

பூட்டு

முறை வைத்துக் கழுவுகிற ஏற்பாடு எப்படிப் போயிருக்கும் என்று கந்தோர்களில் வேலை செய்கிற உங்களுக்குத் தெரியும். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு இடுப்பு நோ, ஒருவருக்கு மாவட்டக் கச்சேரியில் கூட்டம். கடைசியில் வாளி என் கைக்கு வந்தது. அடுத்த அறிக்கைக்குத் தண்ணி மோட்டாரின் ஓட்டத்தைக் குறைப்போம் என்று, சனம் பாவிக்கிற கக்கூஸைப் பூட்டினார்கள். எனக்கு வேலை குறைந்தது. அதற்காக நான் உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

தங்கம்மா ஒரு நாள் நிவாரணத்துக்குப் பதிய வந்தாள். கழுவித் துடைத்த அதே மண்டபத்தில், வாங்கின் நுனியில், ஆட்களோடு ஆளாக இருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். நான் தலையை ஆட்டிவிட்டு ஏதோ அவசரம்போல உள்ளே போய்விட்டேன். மத்தியானம் வரைக்கும் அவளுடைய முறை வரவில்லை. மெல்ல எழும்பிக் குசினிப் பக்கம் வந்தாள். "அக்கா, பின்னால ஒருக்கா போயிட்டு வந்திர்றேன்." "பூட்டியிருக்கு தங்கம்மா." "நம்ம கக்கூஸா?" "ஓம்." அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். பூட்டின் திறப்பு சேரின் மேசையில் இருந்தது, சேர் கூட்டத்துக்குப் போய்விட்டார், அறையும் பூட்டு. உத்தியோகத்தர் பாவிக்கிறதுக்காவது விடலாமோ என்று சசி மிஸ்ஸைக் கேட்டேன். மிஸ் கையை விரித்தா.

கடைசியில் அவளைத் தெருவுக்கு மற்றப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், பலசரக்குக் கடைக்காரர் வீட்டில் கெஞ்சிக் கேட்டு உள்ளே விட்டேன். வெளியில் வெயிலில் நின்று காத்திருந்தேன். அவள் முகம் கழுவி, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். தெருவைக் கடக்கும்போது நான் என்னவோ மன்னிப்புக் கேட்கிறமாதிரி முணுமுணுத்தேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பூட்டுனதும் நல்லதுதாங்கக்கா. உள்ள போயிருந்தா கை சும்மா இருக்காது, கழுவி விட்டுட்டுத்தான் வந்திருப்பேன்."

பின்பக்கத்துக் குழாய்

இப்போது அமைய ஊழியர் என்று கந்தோரில் மிஞ்சினது நான் ஒருத்தி. மாதம் முடிந்துகொண்டு வந்தது. சேர் மறுபடியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். சுவரைப் பார்த்தார், முகட்டைப் பார்த்தார், அலுமாரிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். வீட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிட்டேன். "கந்தோரில ஏதும் பிரச்சினையோ?" என்று வீட்டுக்காரர் கேட்டார். இல்லை என்றேன்.

மறுநாள் காலையில் பின்பக்கத்துக் குழாயில் தண்ணி சொட்டுவதைக் கண்டேன். உள்ளே இருக்கிற வாசர் தேய்ந்துபோய் இருந்தது. முந்தின காலமென்றால் ஒரு றப்பர்த் துண்டைச் சுற்றி இறுக்கிவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பேன். அன்றைக்கு றப்பரை எடுத்த கை நின்றுவிட்டது. சுற்றிவரப் பார்த்தேன். யாரும் இல்லை. இரும்புக் குறடு ஒன்றை எடுத்து, குழாயின் கழுத்தை இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். சொட்டினது ஒழுகத் தொடங்கியது. தட்டைக் கொண்டுபோய் சேருக்கு முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன்: "சேர், பின்னுக்குக் குழாய் ஒண்டு ஒழுகுது. கன தண்ணி வீணாப் போகுது." கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணி வந்துவிட்டது என்று கேட்ட கமக்காரர்போல அவர் முகம் தெளிந்தது. அன்றே திருத்தினார்கள். நீர் விரயம் தடுக்கப்பட்டது என்று சசி மிஸ் அடித்தா. அந்த மாதம் நான் தப்பினேன்.

பிறகு அது பழகிவிட்டது. சைக்கிள் கொட்டிலில் பகலிலும் எரிகிற ஒரு விளக்கைக் கண்டுபிடித்தேன். சில நாளாக அதை நான்தான் போட்டு வைத்திருந்தேன். இன்னொரு மாதம் மோட்டார் ஓடித் தண்ணித் தாங்கி நிரம்பி வழிந்தது; நிறுத்த வேண்டிய நானே வழிய விட்டுவிட்டு, வழிகிறது என்று ஓடிப்போய்ச் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சுவாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். முழங்காலில் நின்று பத்துக் கட்டளைகளையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எதற்குள் இதைப் போடுவதென்று பிடிபடவில்லை. சுவாமியாரிடம் தங்கம்மாவின் பெயரைச் சொன்னேன். மற்றதைச் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன்.

போன மாதம் முன்பக்கத்துக் குழாயடியில் நான் குறட்டோடு குந்தியிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சேர். அவர் குறட்டைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். இனி வீடுதான் என்று நினைத்தேன். அவர் திரும்பிப் போய்விட்டார். பத்து மணிக்குத் தேத்தண்ணியைக் கொண்டுபோனேன். அவர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு மூடினார், கதவை ஒருமுறை பார்த்தார், குரலைத் தணித்தார்: "பிலோமினா அக்கா, வாற மாதத்துக்கு என்ன வைச்சிருக்கிறியள்?"

அரசாங்கம் செலவைக் குறைத்துக்கொண்டு போனதில், குறைப்பதற்கென்று வீண்செலவை உண்டாக்கித் தர எங்கள் கந்தோருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, அந்த வேலைதான் இப்போது எனக்கு, அதையும் இன்னும் நிரந்தரமாக்கவில்லை.